கோபுர மணியை மெஷின் அடிக்கல, மேல ஒரு ஆள் உக்காந்து வாசிக்கிறாங்க: காரில்லான் பத்தி பேசலாம் வாங்க

#1 லூவன்வாசி

வணக்கம் மக்களே. இசைப் பிரிவுல தேடிப் பாத்தேன், இதைப் பத்தி யாரும் எழுதுன மாதிரி தெரியல, அதான் புது இழை ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் பெல்ஜியத்துல லூவன்ல வேலை பாக்குறேன், வந்து மூணு வருஷம் ஆச்சு. ஊர் நடுவுல யுனிவர்சிட்டி லைப்ரரி, அதுக்கு ஒரு பெரிய கோபுரம், அதுல மணிகள். ஆபீஸ் விட்டு வர்ற வழி அதுதான். ரெண்டு வருஷமா தினம் அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டே போயிருக்கேன், கடிகாரத்தோட சேந்த மெஷின் ஏதோ அடிக்குதுன்னு நினைச்சுட்டு. போன வருஷம் ஜூன்ல ஒரு சாயங்காலம் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுட்டு ஃபோன் பேசிட்டு இருந்தேன், மேல மெதுவா ஒரு பாட்டு. ஒரு மணி மொதல் தடவை நல்லா பலமா விழுந்துச்சு, அடுத்த வரியில அதே மணி தொட்டும் தொடாம விழுந்துச்சு, கடைசி ஸ்வரத்துக்கு முன்னாடி ஒருத்தர் மூச்சு இழுத்து விடுற அளவுக்கு இடைவெளி. மெஷின் சுத்தியல் எப்பவும் ஒரே பலத்துலதான் விழும். அப்பதான் பொறி தட்டுச்சு, மேல ஆள் இருக்காங்கன்னு. ஃபோனை வச்சுட்டு அப்படியே நின்னுட்டேன்.

அந்தக் கருவி பேரு காரில்லான், இந்த ஊர் பாஷையில பெய்யார்ட். 23 வெண்கல மணிக்குக் கொறையாம, ஸ்வரவாரியா சுருதி சேத்து, ஒரே கீபோர்டுல வாசிக்கிற மாதிரி இருந்தாதான் காரில்லான்னு ஒத்துக்குவாங்க. லூவன் லைப்ரரியில 63 மணி. அதோட கதையே தனி. 1914 ஆகஸ்ட்ல ஜெர்மன் படை இந்த ஊருக்குத் தீ வச்சப்போ பழைய லைப்ரரி எரிஞ்சு போச்சு, 1928ல அமெரிக்காக்காரங்க பணத்துல புதுசு கட்டுனாங்க, அதுல மணிகளை மட்டும் அமெரிக்க இன்ஜினியர் சங்கங்கள் சேந்து, முதல் உலகப் போர்ல செத்துப்போன இன்ஜினியர்கள் நினைவா குடுத்தாங்க. அப்ப 48 மணி, 1983ல புதுப்பிச்சப்போ 63 ஆச்சு. நானும் இன்ஜினியர், தினம் அதுக்குக் கீழ நடந்து போனவன், இது தெரியாமலே இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம் விடல. இங்க இருந்து ட்ரெயின்ல அரை மணி நேரத்துல மெஹலன்னு ஒரு ஊரு, காரில்லானுக்கு அதுதான் தலைநகரம் மாதிரி. சிண்ட் ரோம்பௌட்ஸ் கோபுரம், 97 மீட்டர், 538 படி. 167 மீட்டர் உயரத்துக்குத்தான் பிளான் போட்டாங்களாம், பாதியில நின்னுபோச்சு. உள்ள ஒண்ணுக்கு ரெண்டு காரில்லான், ஒவ்வொண்ணுலயும் 49 மணி, ஒண்ணு பழங்காலத்து மணிகள், இன்னொண்ணு 1981ல ஐஸ்பௌட்ஸ்ங்குற நெதர்லாந்து மணிப் பட்டறை வார்த்தது. ஒரு குழுவோட மேல போற வாய்ப்பு கெடைச்சுது.

வாசிக்கிற அறை சின்னது, நம்ம ஊர் டிக்கெட் கவுன்டர் அளவுதான். பியானோ மாதிரி கட்டை இருக்கும்னு நினைச்சுட்டுப் போனேன், அப்படி இல்ல. பூரிக்கட்டைக் கைப்பிடி கணக்கா உருண்டையான மரக்கட்டைங்க ரெண்டு வரிசையா நீட்டிட்டு இருக்கு, கீழ காலுக்கும் ஒரு வரிசை. வாசிக்கிறவங்க விரலால அமுக்குறதில்ல, கையை லேசா மூடி சுண்டுவிரல் பக்கத்தால கட்டையைக் கீழ தள்ளுறாங்க. ஒவ்வொரு கட்டையில இருந்தும் ஒரு கம்பி மேல போய் மணியோட நாக்கை இழுக்குது. மணி ஆடவே ஆடாது, உத்தரத்துல இறுக்கிக் கட்டியிருக்கும், நாக்கு மட்டும்தான் அசையும். கட்டைக்கும் நாக்குக்கும் நடுவுல மோட்டாரும் கெடையாது கரண்டும் கெடையாது, அதனால கை எப்படி இறங்குதோ அப்படியே மணி பேசும்.

நான் போன அன்னிக்கு நல்ல வெயில். அன்னிக்கு வாசிக்க வந்தது ஒரு அம்மா, உக்காந்த உடனே வாசிக்கல. ஒவ்வொரு கட்டையா மெதுவா கீழ அழுத்திப் பாத்தாங்க, கட்டைக்கு மேல கம்பியில ஒரு திருகு இருக்கு, அதை அரைச் சுத்து கால் சுத்து திருப்பிட்டே வந்தாங்க. என்னன்னு கேட்டேன். வெயில்ல கம்பி நீளும், நாக்கு மணியை விட்டுத் தள்ளிப் போயிடும், குளிர்ல கம்பி சுருங்கி நாக்கு மணியை ஒட்டிக்கும், அதனால தினமும் உக்காந்ததும் மொத வேலை இதுதான்னாங்க. நம்ம வித்வான் தம்புராவைச் சேத்துட்டு ஆரம்பிக்கிற மாதிரிதான் எனக்குத் தோணுச்சு. அப்புறம் ஷூவை மாத்துனாங்க, மெல்லிய அடிப்பாகம் இருக்குற ஷூ. அப்புறம் அரை மணி நேரம் வாசிச்சாங்க, நெத்தியில இருந்து வேர்வை கட்டை மேல சொட்டுச்சு. கீழ எறங்கி வந்தா சந்தைத் திடல்ல எல்லாரும் அவங்கவங்க காபி குடிச்சுட்டு இருந்தாங்க, ஒருத்தர் கூட நிமிர்ந்து பாக்கல. அதுதான் எனக்குத் தாங்கல, அதான் இங்க எழுதுறேன்.

#2 சந்தேகம்சரவணன்

நல்லா எழுதிருக்கீங்க ப்ரோ. ஆனா ஒரு டவுட்டு, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி கோபுரத்துல கால் மணிக்கு ஒருக்கா நேரம் சொல்ல மெஷின்தானே அடிக்குது, அதே மெஷினை வச்சே மத்த பாட்டையும் வாசிச்சுட்டுப் போகலாமே, இப்ப கம்ப்யூட்டர்ல எத்தனை பலத்துல அடிக்கணும்னு கூட ப்ரோக்ராம் பண்ணலாம். எதுக்கு ஒரு ஆளு 538 படி ஏறணும்?

#3 லூவன்வாசி

தப்பே இல்ல சரவணன், நல்ல கேள்வி. உண்மையில மெஷின்தான் மொதல்ல வந்துச்சு. அந்தக் காலத்துல பெரிய மணி நேரம் அடிக்கிறதுக்கு முன்னாடி, மக்களே கேளுங்க இப்ப மணி அடிக்கப் போகுதுன்னு சொல்றதுக்கு சின்ன மணிங்க நாலை அடிப்பாங்க, காரில்லான்ங்குற பேரே அந்த நாலுல இருந்து வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அப்புறம் பெரிய உருளை வந்துச்சு, அதுல ஆணி ஆணியா செருகியிருக்கும், உருளை சுத்தச் சுத்த ஆணி போய் நெம்புகோலைத் தட்டும், வெளியில இருந்து சுத்தியல் மணியில விழும். மெஹலன்ல அந்த உருளையை இன்னும் பாக்கலாம், ஒரு ஆள் உள்ள நின்னா மறைஞ்சு போற அளவு. 1500 வாக்குலதான் ஆள் வாசிக்கிற கீபோர்டு வந்துச்சு, ஔடனார்டேங்குற ஊர்ல 1510லயே இருந்திருக்கு. அதாவது மெஷின் இருந்தும் பத்தாதுன்னுதான் ஆளை மேல ஏத்துனாங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குது, கீழ கூட்டமா இருக்கா காலியா இருக்கா, போன ஸ்வரம் இன்னும் அடங்கலையா, இதெல்லாம் கேட்டுட்டு அடுத்த கட்டையை எவ்ளோ அழுத்தணும்னு முடிவு பண்றது ஆளுதான். கம்ப்யூட்டர் ஒரே மாதிரி ஆயிரம் தடவை வாசிக்கும், எனக்கு அது வேண்டாம்.

#4 தஞ்சைக்காற்று

ஐயா, நாங்க பரம்பரையா நாதஸ்வரம். திறந்தவெளியில வாசிக்கிற கருவின்னா என்ன பாடுன்னு எங்களுக்குத் தெரியும், சுவர் இல்லாத எடத்துல நாதத்தைக் காத்து தூக்கிட்டுப் போயிடும். நீங்க எழுதுனதைப் படிச்சதும் எங்க தாத்தா சொன்னது ஞாபகம் வந்துச்சு, கோயில்ல வாசிக்கிறப்போ சாமிக்கு வாசி, ஆனா ஊர் எல்லையில மாடு மேய்க்கிறவனுக்கும் கேக்குதான்னு பாருன்னு.

எனக்கு ரெண்டு சந்தேகம். ஒண்ணு, இதுல கமகம், அதான் ஸ்வரத்தை அசைச்சு வளைச்சு வாசிக்கிறது, வருமா? ரெண்டு, அடிச்ச மணியை நிறுத்த வழி இருக்கா, இல்ல அதுபாட்டுக்கு ஒலிச்சுட்டே இருக்குமா? நிறுத்த முடியலேன்னா ஒரு ஸ்வரம் இன்னொண்ணு மேல ஏறி இரைச்சலா போயிடாதா?

#5 லூவன்வாசி

அண்ணே, நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம். கமகம் வரவே வராது, ஒரு மணி ஒரு ஸ்வரம், அவ்ளோதான். ஜலதரங்கத்துலயாவது தண்ணியை லேசா அசைச்சு ஏதோ பண்ணலாம், இதுல அதுவும் கெடையாது. கமகமே உயிரான தோடி ராகமெல்லாம் நினைச்சே பாக்க முடியாது.

நிறுத்தவும் வழி இல்ல. பெரிய மணியை அடிச்சா அரை நிமிஷத்துக்கு மேல ரீங்காரம் நிக்கும், சின்ன மணி டக்குன்னு செத்துப் போகும். அதனால காலால வாசிக்கிற பெரிய மணிகளை ரொம்ப எண்ணி எண்ணித்தான் போடுவாங்க, மேல சின்ன மணிகள்ல நீண்ட ஸ்வரம் வேணும்னா ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி வேகமா தட்டி நிக்க வைப்பாங்க. இந்த நடுக்க முறையைப் பெரிய கலையா ஆக்குனவர் மெஹலன்காரர் யெஃப் டெனைன். அவங்கப்பாவும் இதே கோபுரத்துல வாசிச்சவர், கண் பார்வை போயிடுச்சு, 1881ல பத்தொன்பது வயசுப் பையன் அப்பாவுக்குப் பதிலா படி ஏறுனவரு. கம்பி, நெம்புகோல் எல்லாத்தையும் திருத்தி, பூ மாதிரி மெதுவாவும் வாசிக்கலாங்குற நிலைமைக்குக் கொண்டு வந்தாரு. 1892ல திங்கக்கிழமை ராத்திரிக் கச்சேரி ஆரம்பிச்சாரு, கோடையில இன்னும் நடக்குது. 1922ல உலகத்துலயே மொத காரில்லான் பள்ளிக்கூடம் அவருதான் தொடங்குனது.

இப்ப நான் உங்ககிட்ட சொல்லணும்னு துடிச்ச விஷயம். ஒரு மணியை அடிச்சா ஒரு ஸ்வரம் மட்டும் வர்றதில்ல. மணி ஸ-ன்னா கூடவே கீழ ஸ்தாயி ஸ ஒரு ஹம் மாதிரி வரும், மேல் ஸ வரும், ப வரும், இது போக சாதாரண காந்தாரம் (க2) ஒண்ணு தெளிவா ஒலிக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளயும் ஒரு க2 உக்காந்திருக்கு! அதனாலதான் தேவாலய மணியைக் கேட்டாலே நமக்கு ஒரு சோகம் மாதிரி இருக்கு. அதனால ஹிந்தோளம் மாதிரி க2 வர்ற ராகத்தோட ஸ்வரங்கள் மணியில ஒட்டும், மோகனத்தை எடுத்தா மணிக்குள்ள இருக்குற க2வும் நீங்க அடிச்ச அந்தர காந்தாரமும் (க3, க2வை விட ஒரு படி மேல) உரசும்.

#6 தஞ்சைக்காற்று

அடடா. இதைப் படிச்சுட்டு வீட்டுல பூஜை மணியை எடுத்து ஆட்டிப் பாத்தேன். கமகம் இல்லாத கருவின்னதும் எனக்கு தீட்சிதர் நோட்டுஸ்வரம்தான் ஞாபகம் வந்துச்சு, வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுக்கு அவர் சாகித்யம் போட்டது, நேர் நேரா போகும். ஆனா அத்தனையும் சங்கராபரணம், நீங்க சொல்ற கணக்குப்படி அந்தர காந்தாரம் உரசுமே?

#7 லூவன்வாசி

உரசும் அண்ணே, ஆனா மெதுவா வாசிச்சா, அந்தர காந்தாரத்துக்குச் சின்ன மணியா எடுத்துக்கிட்டா காது ஏத்துக்கும், இங்க வாசிக்கிற முக்காவாசிப் பாட்டு சங்கராபரண மேளந்தானே. இந்த உரசலைப் போக்கணும்னே 1985ல நெதர்லாந்துல ஐஸ்பௌட்ஸ் பட்டறையும் ஐந்தோவன் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியும் சேந்து கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு மணியோட வடிவத்தையே மாத்துனாங்க, வயித்துப் பக்கம் கொஞ்சம் புடைச்ச மாதிரி. அந்த மணிக்குள்ள க2க்குப் பதிலா க3 இருக்கு. கலிபோர்னியாவுல கார்டன் குரோவ்ல அப்படி 52 மணி வச்சு ஒரு முழு காரில்லானே செஞ்சாங்க. ஆனா பெருசா பரவல, மணின்னா அந்தப் பழைய சோகம் இருக்கணும்னு காது பழகிடுச்சு. இன்ஜினியரா எனக்கு அந்தப் புது மணி மேல மரியாதை, கேக்கறவனா பழசுதான் புடிக்குது.

#8 ஆன்ஆர்பர்காரி

இந்த இழையைப் பாத்ததும் கண்ணு கலங்கிடுச்சு, நிஜமா. நான் மிச்சிகன்ல ஆன் ஆர்பர்ல மாஸ்டர்ஸ் பண்ணப்போ ரெண்டு செமஸ்டர் காரில்லான் கத்துக்கிட்டேன். பர்ட்டன் டவர், 1936ல வந்த காரில்லான், 53 மணி, பெரிய மணி 12 டன். அந்த கேம்பஸ்லயே வடக்குப் பக்கம் லூரி டவர்ல 60 மணியோட இன்னொண்ணும் இருக்கு.

கத்துக்கறது எப்படின்னு யாராச்சும் கேப்பீங்கன்னு நானே சொல்றேன். மொதல்ல கோபுரத்துல விடவே மாட்டாங்க. ஒரு ரூம்ல பிராக்டிஸ் கீபோர்டு இருக்கும், அதே கட்டை, அதே பெடல், ஆனா மணிக்குப் பதிலா உலோகப் பட்டையில அடிக்கும். வாரக்கணக்கா அதுலதான். ஏன்னா கோபுரத்துல தப்பு பண்ணா ஊருக்கே கேக்கும், திருத்தி வாசிச்சா அது திருத்துனதும் ஊருக்கே கேக்கும். நோட்டேஷன் ரெண்டு வரி, மேல கைக்கு, கீழ காலுக்கு. பெரிய மணியோட நாக்கே ரொம்ப கனம், அதைக் காலால தள்ளணும்னா உக்காந்த எடத்துல இருந்து இடுப்பு வேலை செய்யணும். அதே சமயம் கை சின்ன மணியை இறகு மாதிரி தொடணும். என் சுண்டுவிரல் ஓரம் மொத மாசம் வீங்கிப் போய் டேப்பு சுத்திக்கிட்டுதான் வாசிச்சேன்.

மொத தடவை நிஜ மணியில வாசிச்ச நாள் டிசம்பர். அறைக்குள்ள ஹீட்டர் இருந்தும் கை மரத்துப் போச்சு. ஒரு கட்டையைத் தொட்டேன், தலைக்கு மேல எங்கயோ அந்தச் சத்தம் பொறந்து என்னை விட்டு வெளியில போயிடுச்சு. பியானோவுல சத்தம் நம்ம கிட்டயே இருக்கும், இதுல நம்மகிட்ட நிக்கறதே இல்ல, போயிடும். யாருக்குப் போச்சுன்னு தெரியாது. கைதட்டல் கெடையாது. முடிச்சுட்டு கீழ வந்து கூட்டத்தோட கூட்டமா பஸ் ஏறிப் போனேன், பக்கத்துல உக்காந்த பொண்ணு நான் வாசிச்ச மெட்டை முணுமுணுத்துட்டு இருந்தா. நான் ஒண்ணும் சொல்லிக்கல.

முறையா தேறணும்னா வட அமெரிக்காவுல காரில்லான் வாசிக்கிறவங்க சங்கம் இருக்கு, 1936ல ஒட்டாவால ஆரம்பிச்சது, அவங்க ஜூரி முன்னாடி வாசிச்சுப் பாஸ் பண்ணணும். நான் அது வரைக்கும் போகல, வேலை கெடைச்சு வேற ஊருக்கு வந்துட்டேன், இங்க கோபுரம் இல்ல.

#9 ஏரிக்கரை

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கான்பெராவில இருக்கிறன். இங்கயும் ஒரு காரில்லான் இருக்கு, ஏரிக்குள்ள ஒரு குட்டித் தீவில. கான்பெரா நகரம் உருவாகி 50 வருசம் ஆனதுக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் குடுத்த பரிசு, 1970 ஏப்ரல் 26 அண்டைக்கு ராணி வந்து திறந்து வைச்சவ. 50 மீட்டர் உயரம், மூண்டு தூண் ஒண்டோட ஒண்டு சேர்ந்து நிக்கிற மாதிரி வெள்ளைக் கட்டடம், சரியான வடிவு. முதல் 53 மணி, இப்ப 57. அந்தத் தீவுக்கு முந்தி ஆஸ்பென் தீவு எண்டு பேர், 2022ல ராணியின்ர பேரை வைச்சிட்டினம்.

நாங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு பின்னேரத்தில போறனாங்கள். தண்ணி மேலால வாற சத்தம் வேற மாதிரி இருக்கும், கோபுரத்துக்குக் கிட்ட நிண்டு கேக்கிறதை விட அங்கால் கரையில இருந்து கேட்டால்தான் வடிவாக் கேக்கும். அம்மா ஊரில இருந்து வந்திருந்த நேரம் ஒருக்கா கூட்டிக்கொண்டு போனனான். அவ கேட்டுக்கொண்டே இருந்திட்டு, இதை வாசிக்கிற பிள்ளை சாப்பிட்டுதோ எண்டு கேட்டா. அண்ணை எழுதினதைப் போலத்தான், மேல ஒரு ஆள் இருக்கு எண்டு அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல, அவவுக்கே விளங்கிட்டுது.

#10 லூவன்வாசி

ஏரிக்கரை, உங்க அம்மா கேட்ட கேள்வியை நான் மெஹலன்ல அந்தம்மாகிட்ட சொல்லுவேன், அவசியம் சொல்லுவேன்.

#11 தஞ்சைக்காற்று

ஆன்ஆர்பர் தங்கச்சி, சுண்டுவிரல் கதையைப் படிச்சு எங்க வீட்டுல எல்லாருக்கும் சொன்னேன், தவில்காரர் விரல்ல கூடு போட்டுக்குவார்ல, அந்தப் பாடுதான். இன்னொரு சந்தேகம் லூவன் ஐயாவுக்கு. மிருதங்கம்னா கல்லை வச்சு வாரைத் தட்டி சுருதி ஏத்தலாம் இறக்கலாம், ஜலதரங்கத்துல தண்ணி ஊத்தலாம். வார்த்து முடிச்ச வெண்கலத்துக்கு எப்படி சுருதி சேக்குறாங்க?

#12 லூவன்வாசி

அண்ணே இதுதான் பெரிய கதை. சுருதி சேக்குறது செதுக்கித்தான். செம்பு கிட்டத்தட்ட 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு கலந்து வார்ப்பாங்க, வேணுங்குறதை விட கொஞ்சம் தடிமனா. அப்புறம் மணியைத் தலைகீழா கடைசல் மெஷின்ல வச்சு உள்பக்கத்துல கொஞ்சம் கொஞ்சமா சுரண்டி எடுப்பாங்க. உதட்டுப் பக்கம் சுரண்டுனா ஒரு ஸ்வரம் இறங்கும், நடுவுல சுரண்டுனா வேற ஸ்வரம் இறங்கும், ஒவ்வொண்ணும் மத்ததையும் லேசா இழுக்கும். சுரண்டுனதைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது, கை தவறுனா உருக்கித்தான் ஆகணும். அதுல 63 மணி ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும்!

இதைக் கண்டுபுடிச்ச விதம் இருக்கே. நெதர்லாந்துல உத்ரெக்ட்ல யாகோப் வான் ஐக்னு ஒருத்தர், பொறவியிலேயே பார்வை இல்லாதவர், அந்த ஊர் மணிகளுக்கெல்லாம் பொறுப்பு, ரெக்கார்டர் குழலும் அற்புதமா வாசிப்பார். மணிக்குப் பக்கத்துல நின்னு சீட்டி அடிப்பாராம், சீட்டி சுருதி மணிக்குள்ள இருக்குற ஏதாவது ஒரு ஸ்வரத்தோட ஒத்துப் போனா மணி அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் திருப்பிப் பாடும். அப்படி ஒவ்வொண்ணா பிரிச்சுக் கேட்டு, எது சரியில்லன்னு சொல்லுவார். ஃப்ரான்ஸ்வா, பீட்டர்னு ஹெமோனி சகோதரர்கள் வார்ப்புக்காரங்க, இவர் காதும் அவங்க கையும் சேந்து 1644ல ஜுட்ஃபன்ங்குற ஊர்ல உலகத்துலயே மொத மொதல்ல ஒழுங்கா சுருதி சேந்த காரில்லான் வந்துச்சு. அந்த மணிகள் 1920ல தீ விபத்துல போயிடுச்சு. 1680ல பீட்டர் ஹெமோனி செத்ததும் அந்த வித்தையும் கொஞ்சம் கொஞ்சமா மறந்து போய், கிட்டத்தட்ட ரெண்டு நூத்தாண்டு கழிச்சு இங்கிலாந்துல சிம்ப்சன்னு ஒரு பாதிரியார் எழுதுனதைப் பாத்து, லஃபரோவுல டெய்லர் பட்டறைக்காரங்க 1896 வாக்குல திரும்பப் புடிச்சாங்க. நடுவுல வார்த்த மணிகள்ல நெறைய சுருதி சேராத மணிதான். பார்வை இல்லாத ஒருத்தர் சீட்டி அடிச்சுக் கேட்டதை, அளக்குறதுக்கு ட்யூனிங் ஃபோர்க் வரிசையெல்லாம் வச்சுக்கிட்டு மறுபடி புடிக்க அத்தனை வருஷம் ஆயிருக்கு.

#13 பனிக்காடு

ஒட்டாவால இருந்து எழுதுறேன். இங்க பார்லிமென்ட் அமைதிக் கோபுரத்துல 53 மணி, பெரியது 10,090 கிலோ, சின்னது நாலரைக் கிலோ, நம்ம வீட்டு அரிசிப் பை அளவு. 1927 ஜூலை 1, கனடா நாடு உருவான 60ஆம் வருஷம், முதல் உலகப் போர்ல செத்த கனடாக்காரங்க நினைவா ஆரம்பிச்சாங்க, நாடு முழுக்க ரேடியோவுல கேட்டிருக்காங்க. அன்னிக்கு வாசிச்சவர் பெர்சிவல் பிரைஸ். இதுக்குன்னே டொமினியன் காரில்லானர்னு அரசாங்கப் பதவியே இருக்கு, 2008ல வந்த ஆண்ட்ரியா மெக்ரேடி அதுக்கு முன்னாடி குடும்ப டாக்டரா வேலை பாத்தவங்க. 2022ல இருந்து கட்டட வேலைக்காக மணி நின்னுடுச்சு, மத்தியானம் ஆபீஸ்ல சாப்பிட உக்காந்தா அந்த நேரம் என்னமோ காலியா இருக்கு.

பிரைஸ் பத்தி ஏன் சொல்றேன்னா, இவர் 1939ல ஆன் ஆர்பருக்குப் போயிட்டார், மேல தங்கச்சி வாசிச்ச அதே பர்ட்டன் டவருக்கு. ரெண்டாம் உலகப் போர்ல நாஜிக்கள் ஐரோப்பா முழுக்க கோபுர மணிகளை இறக்கி எடுத்துட்டுப் போனாங்க, செம்பும் வெள்ளீயமும் வேணுங்குறதுக்காக. ஏறக்குறைய 1,75,000 மணி, அதுல 1,50,000 திரும்பவே இல்ல. வயசை வச்சு ஏ, பி, சி, டி-ன்னு வகை பிரிச்சாங்க, புதுசா இருந்தா உடனே உலைக்கு, ரொம்பப் பழசுன்னா விட்டு வச்சாங்க. போர் முடிஞ்சப்போ ஹாம்பர்க் துறைமுகத்துல உருக்காம மிஞ்சுன மணிகள் அடுக்கடுக்கா கெடந்துச்சு, மணிச் சுடுகாடுன்னே பேரு. அங்க போய் எது எந்த ஊர் மணின்னு ஆராய்ஞ்சவங்கள்ல பிரைஸும் ஒருத்தர். வாசிக்கிறவர்தானே மணியோட குரலை வச்சே அடையாளம் சொல்ல முடியும்.

#14 லூவன்வாசி

பனிக்காடு, இதுக்கு ஒண்ணு சேக்கணும். எங்க ஊர்ல பார்க் மடம்னு ஒரு பழைய மடம் இருக்கு. அதோட மணிகளை ஒரு காலத்துல லூவன் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்கு மாத்தியிருந்தாங்க, 1914 ஆகஸ்ட் தீயில அது எல்லாம் உருகிப் போச்சு. அந்த அழிவுல நொய்ஸ்ங்குற ஜெர்மன் ஊர்ச் சிப்பாய்களும் இருந்தாங்க. நூறு வருஷம் கழிச்சு லூவனும் நொய்ஸும் சேந்து பழைய மணிகளோட குரல்லயே 49 மணி வார்த்து அந்த மடத்துக் கோபுரத்துல ஏத்துனாங்க, 2018 நவம்பர் 11, போர் நின்ன நூறாவது வருஷத்து அன்னிக்கு. பேரு சமாதான காரில்லான். நான் அங்க ஞாயித்துக்கிழமை குளத்துப் பக்கம் நடக்கப் போவேன்.

#15 சந்தேகம்சரவணன்

இவ்ளோ இருக்கும்னு நினைக்கல ப்ரோ. மெஷின் பத்தி நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒரு விஷயம் மட்டும் மனசுல இருக்கு, கேட்டுடுறேன். பிடிக்காதவங்களும் கேட்டுத்தானே ஆகணும்? நைட் ஷிஃப்ட் பாத்துட்டு தூங்குறவன், உடம்பு முடியாதவங்க, காதை மூடிக்க முடியாதுல்ல. என்ன பாட்டு வாசிக்கணும்னு யார் முடிவு பண்றா?

#16 ஆன்ஆர்பர்காரி

சரவணன், எங்களுக்கு மொத பாடமே இதுதான் சொல்லிக்குடுத்தாங்க. கேக்குறவங்க டிக்கெட் வாங்கிட்டு வரல, அதனால நீங்க விருந்தாளி மாதிரி நடந்துக்கணும்னு. பரீட்சை நடக்குற நேரம் வாசிக்க மாட்டோம், துக்கம் நடந்த நாள்ல என்ன வாசிக்கணும்னு யோசிப்போம், ராத்திரி வாசிக்கவே மாட்டோம். 2016 ஜனவரியில டேவிட் போவி இறந்தப்போ உத்ரெக்ட்ல மல்கோசியா ஃபீபிக், டோம் டவர்ல வாசிக்கிறவங்க, அவர் பாட்டை அந்த 112 மீட்டர் கோபுரத்துல இருந்து வாசிச்சாங்க. ரோட்டுல போனவங்க நின்னு கேட்டாங்க. பழைய ஆளுங்க சிலருக்கு சினிமாப் பாட்டு, பாப் பாட்டெல்லாம் மணியில வாசிச்சா புடிக்காது. எனக்கு அப்படி இல்ல, ஊர் அழுதா மணியும் சேந்து அழணும், அதுக்குத்தானே ஊர் காசுல வச்சிருக்கோம்.

#17 லூவன்வாசி

பெல்ஜியத்துல ஊராட்சியே சம்பளம் குடுத்து ஊர் காரில்லான்காரர்னு வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கு, சந்தை நாள்ல வாசிக்கணும், திருவிழாவுக்கு வாசிக்கணும், உருளையில ஆணியை மாத்திப் புதுப் பாட்டு ஏத்தணும். 2014ல பெல்ஜியம் காரில்லான் மரபைப் பாதுகாக்குற முறையை யுனெஸ்கோ நல்ல முன்மாதிரின்னு பதிவு பண்ணுச்சு. ஆனா நேர்ல பாத்தா நிலைமை சுலபம் இல்ல, நெறைய பேர் மூணு நாலு ஊருக்கு ஒரே ஆளா ஓடிட்டு இருக்காங்க, கூடவே இசை டீச்சர் வேலையும் பாக்குறாங்க.

#18 தஞ்சைக்காற்று

பையன் ஜெர்மனியில இருக்கான், அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல பாக்க வர்றோம். திங்கக்கிழமை மெஹலனுக்கு வர முடியுமான்னு அவனைக் கேட்டிருக்கேன். வந்தா எங்க உக்காந்து கேக்கணும்? கோபுரத்துக்கு நேர் கீழயா?

#19 லூவன்வாசி

அண்ணே, வாங்க, நானே ஸ்டேஷன்ல வந்து நிக்கிறேன். நேர் கீழ மட்டும் உக்காராதீங்க, பெரிய மணி ரீங்காரம் சின்ன மணியை முழுங்கிடும், திடல்ல கார் பஸ் சத்தம் வேற. கோபுரத்துல இருந்து நூறு நூத்தம்பது மீட்டர் தள்ளி, நாலு பக்கமும் சுவர் இருக்குற ஒரு முற்றமா பாத்து உக்காரணும், காத்து எதிர்ல வராத பக்கமா. ஏரிக்கரை தண்ணிக்கு அந்தப் பக்கம் இருந்து கேக்கச் சொன்னதும் இதே கணக்குத்தான். வெளிச்சம் போக ராத்திரி ஒம்பது மணிக்கு மேல ஆயிடும், குளிரும், அக்காவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கோங்க. மொத பாட்டு முடியுற வரைக்கும் காது பழகாது, எல்லாம் கலந்து கேக்கும், ரெண்டாவது பாட்டுல இருந்து தனித்தனியா பிரியும். முடிஞ்சதும் உடனே கெளம்பிடாதீங்க, கோபுரத்துக் கதவு பக்கம் போய் நிப்போம், 538 படி இறங்கி வர்றதுக்கு ஒரு பத்து நிமிஷம் ஆகும் அவங்களுக்கு.